குட்டைத் தண்ணி ரெண்டே நாள்ல தெளிஞ்சுபோச்சு, மூணாம் நாள் மீன் செத்துச்சு. மருந்தா, மழையா?

வடவாய்க்கால் | அக்டோபர் 28, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம். முப்பது சென்ட்ல ஒரு குட்டை, ஆழம் அஞ்சடி இருக்கும். கட்லா, ரோகு, மிர்கால் மூணும் கலந்து விட்டிருக்கேன். சாணி கரைச்சு ஊத்தி தண்ணியை நல்ல பச்சையா வச்சிருந்தேன். பயிற்சியில சொல்லிக்கொடுத்த மாதிரி தினம் காலையில கையை முழங்கை வரைக்கும் விட்டுப் பார்ப்பேன், உள்ளங்கை மங்கலாத் தெரியும். அந்த அளவு.

பக்கத்து வயல் மூணு மா. சம்பா நட்டு மூணாம் நாள் பூட்டாக்குளோர்ங்கிற களைமருந்தை மணல்ல கலந்து விசிறினாங்க. மறுநாள் சாயங்காலம் பெய்ஞ்ச மழையில வரப்பு உடைஞ்சு, அந்தத் தண்ணி ஒரு பங்கு என் குட்டைக்குள்ள வந்துடுச்சு. அடுத்த ரெண்டு நாள்ல தண்ணி தெளிஞ்சு, நான் நின்ன இடத்துல தரையில கிடந்த கொட்டாங்கச்சி தெரிஞ்சுது. பார்க்க அழகாத்தான் இருந்துச்சு. மூணாம் நாள் விடியக்காலம் போனா மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. நாப்பத்தி மூணு கட்லா போச்சு. எல்லாம் முக்கால் கிலோவுக்கு மேல.

பக்கத்து வயல்காரர் மாமா முறை, நல்ல மனுஷன். "களைக்கு அடிக்கிற மருந்து மீனை என்ன பண்ணும்?"ங்கிறார். சண்டை போட வரலை. என்ன நடந்துச்சுன்னு புரியணும், அவ்வளவுதான்.

---

காத்தாடி | அக்டோபர் 28, இரவு 9:50

மழை, மேகமூட்டம் ரெண்டு நாள் இருந்தா மருந்தே இல்லாம இது நடக்கும் அண்ணே. பாசி பகல்ல வெயில் இருந்தாத்தான் ஆக்ஸிஜன் கொடுக்கும், ராத்திரி அதுவும் நம்மள மாதிரி மூச்சு விடுது. மேகத்துல வரவு இல்லை, செலவு மட்டும். விடியக்காலம் நாலு மணிக்குக் கணக்கு பூஜ்யம். எனக்கு போன வருஷம் அப்படியே நடந்துச்சு, சுத்தி ஒரு வயல் கிடையாது. மருந்து மேல பழி போடுறதுக்கு முன்னாடி இதை யோசிங்க.

---

வடவாய்க்கால் | அக்டோபர் 28, இரவு 10:05

உங்க குட்டை அப்போ பச்சையா இருந்துச்சா, தெளிஞ்சிருந்துச்சா?

---

காத்தாடி | அக்டோபர் 28, இரவு 10:11

பச்சை. கரும்பச்சை.

---

நுண்ணோக்கி | அக்டோபர் 29, காலை 6:32

அந்தக் கேள்விதான் சரியான கேள்வி. மேகத்தால் மூச்சு முட்டினால் தண்ணீர் பச்சையாகவே இருக்க மீன் சாகும். இங்கே முதலில் பாசி போயிருக்கிறது, பிறகு மீன். (அடர்த்தி மீறிப்போன பாசி தானாகவே ஒரே நாளில் சரிந்து விழுவதும் உண்டு, அதனால் காத்தாடி சொல்வதை முழுசாகத் தள்ள முடியாது. ஆனால் உள்ளங்கை மங்கலாகத் தெரிகிற பச்சை அவ்வளவு அடர்த்தி இல்லை.)

நான் நன்னீர்ப் பாசியில் ஆய்வுப் படிப்பு படித்தவன். இப்போது வேறு வேலை. இருந்தாலும் சொல்கிறேன்: பாசி *எவ்வளவு நேரத்தில்* போனது என்பதே பெரிய தடயம்.

அட்ரசின், டையூரான் போன்ற களைக்கொல்லிகள் ஒளிச்சேர்க்கையின் இரண்டாம் ஒளியமைப்பில் டி1 என்ற புரதத்தில் போய் உட்கார்ந்துகொண்டு எலக்ட்ரான் ஓட்டத்தை மறித்துவிடும். மடையில் பலகை போட்ட மாதிரி. சில மணி நேரத்திலேயே ஆக்ஸிஜன் உற்பத்தி படுத்துவிடும், ஆனால் தண்ணீரின் நிறம் உடனே மாறாது. நல்ல தண்ணீருக்கு மாற்றினால் பாசி பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.

பூட்டாக்குளோர் அந்த வகை இல்லை. குளோரோஅசிட்டனிலைடு குடும்பம். செல் சவ்வுக்கு வேண்டிய மிக நீளமான கொழுப்பு அமிலங்களைச் செய்யவிடாமல் தடுக்கும். இருக்கிற செல் உடனே சாகாது. ஆனால் பாசி என்பது நாளுக்கு ஒன்று இரண்டு முறை பிளந்து பெருகுகிற உயிர். பிளக்கும்போது புதுச் சவ்வு வேண்டும், அது கிடைக்காது. பழைய செல்கள் கீழே படியப் படிய, மேலே ஈடுகட்ட ஆள் இல்லை. அதனால் இரண்டு மூன்று நாள் ஆகும். உங்கள் கணக்கோடு ஒத்துப்போகிறது.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கேட்கமாட்டார்கள். பூட்டாக்குளோர் 50 ஈ.சி. என்றால் பாதி மருந்து. மீதிப் பாதி என்ன?

---

வடவாய்க்கால் | அக்டோபர் 29, காலை 7:20

தண்ணியா?

---

கழனிக்கடை | அக்டோபர் 29, காலை 8:02

தண்ணி இல்லை தம்பி. ஈ.சி.ன்னா உள்ள தண்ணியே இருக்காது. எண்ணெய் மாதிரி ஒரு கரைப்பான், பெட்ரோலிய வகை. அதுல மருந்து கரைஞ்சிருக்கும். கூட எமல்சிஃபையர், சோப்பு மாதிரி ஒண்ணு. ஒரு மூடி எடுத்து வாளித் தண்ணியில ஊத்திப் பாருங்க, பால் மாதிரி வெளுக்கும். அந்த வெளுப்பு எமல்சிஃபையர் செய்யற வேலை. அது இல்லைன்னா எண்ணெய் மேல மிதக்கும், தண்ணி கீழ நிக்கும், மருந்து வேலை செய்யாது. இருபத்தி ரெண்டு வருஷமா கடை வச்சிருக்கேன், அதனால சொல்றேன்.

ஆனா ஒண்ணு. எதுக்கெடுத்தாலும் மருந்துக் கடைக்காரனைக் குத்தம் சொல்ல ஆரம்பிச்சுடாதீங்க. துணைப்பொருள் இல்லாம மருந்து இல்லை. வெங்காயத் தாள்ல, முட்டைக்கோஸ் இலையில சும்மா தண்ணி தெளிச்சுப் பாருங்க, முத்து முத்தா உருண்டு மண்ணுல விழும். ஒட்டும் திரவம் சேர்த்தாத்தான் இலையில பரவும். அப்பத்தான் குறைஞ்ச மருந்துல வேலை முடியும். அதுவும் சுற்றுச்சூழலுக்கு நல்லதுதானே?

---

நுண்ணோக்கி | அக்டோபர் 29, இரவு 8:47

அண்ணாச்சி சொல்வது சரி. மறுக்கவில்லை. குட்டைக்குள் போவது மருந்து மட்டும் இல்லை, பாட்டில் முழுசும் போகிறது என்பதுதான் என் பேச்சு.

வடவாய்க்கால், ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். மூணு மா என்றால் ஒரு ஏக்கர். ஏக்கருக்கு ஒரு லிட்டர் 50 ஈ.சி. என்றால் சுமார் 500 கிராம் பூட்டாக்குளோர். மணலில் கலந்து விசிறும்போது வயலில் ஒரு அங்குலம், அதாவது 2.5 செ.மீ. தண்ணீர் நிற்கவேண்டும் என்பார்கள். ஒரு ஏக்கரில் அது ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர். ஆக, லிட்டருக்கு 5 மில்லிகிராம். கரைப்பானும் எமல்சிஃபையரும் சேர்ந்து இன்னொரு 5 மில்லிகிராம்.

உங்கள் குட்டை 30 சென்ட், அஞ்சடி: சுமார் 18 லட்சம் லிட்டர். வயல் தண்ணீரில் கால் பங்கு வந்தது என்று வைத்துக்கொண்டால், குட்டையில் லிட்டருக்கு 70 மைக்ரோகிராம். ஒரு நாளில் மண் நிறைய பிடித்து வைத்திருக்கும். முக்கால்வாசியைக் கழித்தாலும் 17 மைக்ரோகிராம் மிச்சம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த அலாக்குளோர், அசிட்டோக்குளோர் இரண்டும் ஒற்றை இலக்க மைக்ரோகிராமிலேயே சோதனைப் பாசியின் வளர்ச்சியைப் பாதிக்கு மேல் முடக்கும். பூட்டாக்குளோரால் மீன் நேராகச் சாக சில நூறு மைக்ரோகிராம் வேண்டும். உங்கள் குட்டையில் அவ்வளவு சேர வாய்ப்பு குறைவு. உங்கள் மாமா சொன்னது பாதி உண்மை: களைமருந்து மீனைத் தொடவில்லை. மீனுக்கு மூச்சு கொடுத்த பாசியைத் தொட்டது. அடியில் செத்துப் படிந்த பாசியை மக்கவைக்கிற பாக்டீரியா மிச்சமிருந்த ஆக்ஸிஜனையும் குடித்தது. மேல் மட்டத்தில் மேய்கிற கட்லாதான் முதலில் தவித்தது.

---

காத்தாடி | அக்டோபர் 29, இரவு 9:15

கால் பங்கு வந்துச்சுங்கிறது உங்க ஊகம். ஒரு சொம்புத் தண்ணியைக்கூட யாரும் பரிசோதனைக்கு அனுப்பலை. மழைத்தண்ணி ஆழத்தைக் கூட்டியிருக்கும், சேறு கலந்திருக்கும். கணக்கு அழகா இருக்கு, ஆனா கணக்கு சாட்சி ஆகாது.

---

நுண்ணோக்கி | அக்டோபர் 29, இரவு 9:21

ஆகாது. ஒப்புக்கொள்கிறேன். நடந்திருக்க முடியுமா என்பதற்கு மட்டும்தான் கணக்கு.

---

செம்பருத்தி | அக்டோபர் 30, மதியம் 1:40

இந்த இழை ரொம்ப நல்லா போகுது. நான் கோவை. நான் படிச்ச வரைக்கும் உண்மையான வில்லன் மருந்தே இல்லை, அதுல கலக்குற சோப்புதான். கிளைபோசேட்ங்கிற களைமருந்தை விட, அதை வச்சுச் செய்யற ரவுண்டப் பல மடங்கு நச்சுன்னு சொல்றாங்களே. அதுல இருக்கிற பி.ஓ.இ.ஏ.ங்கிற சோப்புப் பொருளை ஐரோப்பாவுல 2016-ல கிளைபோசேட்டோட சேர்க்கக் கூடாதுன்னு தடையே பண்ணிட்டாங்க. மூலப்பொருளை மட்டும் சோதிச்சு "பாதுகாப்பானது"ன்னு முத்திரை குத்துறது மோசடி இல்லாம வேற என்ன?

---

நுண்ணோக்கி | அக்டோபர் 30, இரவு 10:26

தோழர், தடை உண்மை. ஆனால் "சோப்புதான் வில்லன்" என்பது பாசி விஷயத்தில் அப்படியே பொருந்தாது. இதில் பலபேர் வழுக்கி விழுகிறார்கள், நானும் ஒருகாலத்தில் விழுந்தவன்.

பி.ஓ.இ.ஏ. என்பது மாட்டுக் கொழுப்பிலிருந்து வரும் அமைன்களில் எத்திலீன் ஆக்சைடைக் கோத்துச் செய்வது. ஹாங்காங்கில் 2003-ல் சூய், சூ என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரவுண்டப், கிளைபோசேட் அமிலம், அதன் உப்பு, பி.ஓ.இ.ஏ. நான்கையும் பாக்டீரியா, பாசி, ஒற்றைச்செல் உயிரிகள், இறாலுக்கு உறவான சின்ன நீர்ப்பிராணிகள் என்று வரிசையாகச் சோதித்தார்கள். எல்லாவற்றையும் விட நச்சு அதிகம் பி.ஓ.இ.ஏ.வுக்கு, அடுத்து ரவுண்டப், தனி கிளைபோசேட் பின்னால்தான். ரவுண்டப்பின் நச்சில் 86 சதவீதத்துக்கு மேல் பி.ஓ.இ.ஏ.வின் பங்கு என்ற முடிவைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதை விட்டுவிடுகிறார்கள்: *பாசி தவிர*.

ஏன் தவிர? கிளைபோசேட் அடிக்கிற இடம் ஷிகிமேட் பாதை, அதாவது செடிகள் சில அமினோ அமிலங்களைச் செய்துகொள்கிற வழி. அந்தப் பாதை நம்மிடம் இல்லை, மீனிடம் இல்லை, தவளையிடம் இல்லை. அவற்றுக்குக் கிளைபோசேட் பெரிய எதிரி இல்லை, செவுளைக் கரைக்கிற சோப்பே எதிரி. பாசி அப்படி இல்லை. அது செடியின் உறவு, அதனிடம் அந்தப் பாதை இருக்கிறது. மருந்தும் அடிக்கும், சோப்பும் அடிக்கும். சோப்பு சவ்வை இளக்கிவிட்டால் மருந்து இன்னும் சுலபமாக உள்ளே போகும்.

சோப்பு எல்லாம் ஒரே ரகமும் இல்லை. நோனைல்பீனால் எத்தாக்சிலேட் என்று ஒன்று, மலிவு என்பதால் பல ஆண்டு எல்லா இடத்திலும் ஓடியது. தண்ணீரில் அது சிதையும்போது வருகிற நோனைல்பீனால் தாய்ப்பொருளை விட நச்சு கூடியது, சீக்கிரம் அழியவும் அழியாது. ஐரோப்பா 2003-லேயே பூச்சிமருந்துத் துணைப்பொருளாக அதைக் கட்டுப்படுத்திவிட்டது. மற்றபடி சீக்கிரம் மட்கிப்போகிற சாதுவான வகைகளும் உண்டு. டப்பாவைப் பார்த்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. மருந்தின் பெயரும் சதவீதமும் துல்லியமாக இருக்கும், மற்றதெல்லாம் "எமல்சிஃபையர்", "கரைப்பான்" என்று பொதுப்பெயரில் போகும். என் கோபம் அங்கேதான்.

---

செம்பருத்தி | அக்டோபர் 30, இரவு 10:40

"பாசி தவிர" எனக்குத் தெரியாது. நன்றி. மோசடிங்கிற வார்த்தையை வாபஸ் வாங்க மாட்டேன் :)

---

இரணைமடு | அக்டோபர் 31, காலை 5:55

கிளிநொச்சியில இருந்து எழுதுறன். நாங்கள் பள்ளிக்கூடத்தில அல்கா எண்டுதான் படிச்சனாங்கள், நீங்கள் பாசி எண்டு சொல்லுறீங்கள். பாசி எண்டால் எனக்குக் கிணத்துக்கட்டில வழுக்கிறதுதான் ஞாபகம் வரும்.

எங்கட நாட்டில 2015-ல கிளைபோசேட்டைத் தடை செய்தவை. 2018-ல தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டவை. அந்த நேரம் முழுக்கச் சிறுநீரக வருத்தம் பற்றித்தான் கதை. பேப்பர், டிவி, பாராளுமன்றம் எல்லாம் அதேதான். குளத்துக்குள்ள இருக்கிற அல்காவுக்கு என்ன நடக்குது எண்டு ஒருத்தரும் கதைச்சதாய் எனக்கு ஞாபகமில்லை. எங்கட குளங்கள் ஒண்டு நிரம்பி வான் வழியிற தண்ணி அடுத்ததுக்குப் போற மாதிரிக் கட்டினவை. மேல் வயலுக்கு அடிக்கிற களைநாசினி கீழ்க் குளத்துக்குத்தான் வந்து சேரும்.

ஒரு சந்தேகம். களைநாசினி அல்காவைக் கொல்லும் எண்டால், ஏன் எங்கட வாய்க்காலுகளில மருந்தடிக்கிற காலத்தில பச்சை *கூடுது*?

---

நுண்ணோக்கி | அக்டோபர் 31, இரவு 9:08

இந்த இழையிலேயே சிறந்த கேள்வி இதுதான்.

முதல் காரணம், அடித்தது களைநாசினி இல்லாமல் பூச்சிநாசினியாக இருக்கலாம். பாசியைத் தின்று அடக்கி வைப்பது தெள்ளுப்பூச்சி மாதிரித் தத்தித் தத்தி நீந்துகிற டாஃப்னியா போன்ற நுண்விலங்குகள். கலிஃபோர்னியாவில் 1970-களின் தொடக்கத்தில் குளோர்பைரிஃபாஸ் என்ற பூச்சிநாசினியைக் குட்டைகளில் தெளித்துப் பார்த்தார்கள், ஹர்ல்பர்ட்டும் கூட்டாளிகளும். மேய்கிற நுண்விலங்குகள் சரிந்தன, பாசி பொங்கியது. ஆடு இல்லாத ஊரில் புல் மண்டுகிற கதை. அங்கே மருந்து பாசியைத் தொடவே இல்லை.

இரண்டாவது, கிளைபோசேட் மூலக்கூறின் எடையில் 18 சதவீதம் பாஸ்பரஸ். சில நீலப்பச்சைப் பாசிகள் கார்பன்-பாஸ்பரஸ் பிணைப்பை உடைத்து அந்தப் பாஸ்பரஸை உரமாகவே தின்னும். அர்ஜென்டினாவில் 2007-ல் வெளியான ஆய்வு ஒன்று: செயற்கைக் குட்டைகளில் ரவுண்டப் ஊற்றினார்கள். பெரிய பாசி வகைகள் குறைந்தன. ஆனால் மிகச் சிறிய நீலப்பச்சை வகைகள் 40 மடங்கு பெருகின. வெறுமனே "பச்சை எவ்வளவு" என்று அளந்திருந்தால் மருந்து பாசிக்கு நல்லது என்றே எழுதியிருப்பார்கள்.

யூரியாவும் டி.ஏ.பி.யும் அதே வாரத்தில் போடுகிறோம் என்பதையும் மறக்கவேண்டாம். உங்கள் வாய்க்காலில் களைநாசினி, பூச்சிநாசினி, உரம் மூன்றும் சேர்ந்துதான் ஓடும்.

---

ஓய்வு_ஏஓ | நவம்பர் 1, காலை 10:30

வேளாண்மைத் துறையில் 31 வருடம். இந்த உரையாடலைப் படித்ததும் ஒரு பழைய சங்கடம் நினைவுக்கு வந்தது, எழுதிவிடுகிறேன்.

வங்காளத்து நெல் மண்ணைப் பார்த்து, உரமே போடாமல் இது எப்படி வருடாவருடம் விளைகிறது என்று பி.கே.டே ஆராய்ந்து 1939-ல் எழுதினார்: நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துத் தருகிறது என்று. அதன் வழியில்தான் பின்னாளில் பாசி உரம் வந்தது. நட்ட பத்தாம் நாள் எக்டேருக்கு 10 கிலோ தூவுங்கள் என்று நாங்கள் கிராமம் கிராமமாகப் போய்ச் சொன்னோம். அதே வாயால் நட்ட மூன்றாம் நாள் பூட்டாக்குளோர் போடுங்கள் என்றும் சொன்னோம். இன்னொரு பக்கம், உப்புத்தண்ணீர் பாய்கிற வயலில் பாசி போர்வை மாதிரிப் படர்ந்து நாற்றைச் சாய்க்கிறது என்று விவசாயி வந்தால், மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சாக்கில் கட்டித் தண்ணீர் நுழைகிற மடையில் போடச் சொன்னோம். மயில்துத்தம் நீலப்பச்சை எது, வழுக்குப்பாசி எது என்று பார்த்தா கொல்லும்?

ஒரு விவசாயி மடையில் சாக்கையும் கையில் பாசி உரப் பையையும் வைத்துக்கொண்டு, "சார், எதை முதல்ல போடணும்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் டீ குடிக்கக் கூட்டிப்போனேன்.

---

கழனிக்கடை | நவம்பர் 1, மதியம் 12:15

ஹாஹா. சார் நீங்க எங்க ஏரியாவுல இருந்திருப்பீங்க போல.

ஒரு சந்தேகம் எனக்கும். டப்பாவுல பச்சை முக்கோணம் போட்டிருந்தா "இது பாதுகாப்பு, கிணத்துப் பக்கம் அடிச்சாலும் பரவாயில்லை"ன்னு நானே சொல்லி வித்திருக்கேன். சரிதானே?

---

ஓய்வு_ஏஓ | நவம்பர் 1, மதியம் 12:48

சரியில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை நான்கும் மனிதனுக்காக, வயிற்றில் போனாலோ தோலில் பட்டாலோ எவ்வளவு ஆபத்து என்பதற்காக. எலிக்கு வாய் வழி கொடுத்து, கிலோ எடைக்கு 5000 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் பாதி சாகும் என்றால் பச்சை. 50-க்குள் பாதி செத்தால் சிவப்பு. பாசி, மீன், தேனீ எதுவும் அந்தக் கணக்கில் கிடையாது. எலிக்கு ஒளிச்சேர்க்கை இல்லை. ஒளிச்சேர்க்கையை மட்டும் நிறுத்துகிற மருந்து எலிக்குச் சாதுவாகத்தானே தெரியும்?

---

கழனிக்கடை | நவம்பர் 1, மதியம் 12:52

இத்தனை வருஷம் இது தெரியாமலே வித்திருக்கேன்.

---

நுண்ணோக்கி | நவம்பர் 1, இரவு 11:03

பாசிக்கும் தனிச் சோதனை இருக்கிறது அண்ணாச்சி, டப்பா மேல் வராது அவ்வளவுதான். ஓ.இ.சி.டி. என்ற நாடுகள் கூட்டமைப்பு வகுத்த 201 என்ற முறைப்படி உலகம் முழுக்கச் செய்வது. குடுவைகளில் பாசியை ஊற்றி, மருந்தைப் பல செறிவுகளில் கலந்து, விளக்கடியில் 72 மணி நேரம். மருந்தில்லாத குடுவையில் பாசி குறைந்தது 16 மடங்கு பெருகவேண்டும், இல்லாவிட்டால் சோதனையே செல்லாது. நான் தினம் காலையில் ஒரு சொட்டு எடுத்துக் கட்டம் போட்ட கண்ணாடியில் வைத்து எண்ணுவேன். பிறை நிலா மாதிரி வளைந்த செல். நானூறு, ஐந்நூறு எண்ணியபின் கண்ணை மூடினாலும் பிறைதான்.

அதிகமாகப் பயன்படும் அந்தப் பிறைப்பாசி 1959-ல் நார்வேயின் நிட்டெல்வா ஆற்றில் எடுத்தது. பெயர் மட்டும் சில முறை மாறியிருக்கிறது, இப்போது ராஃபிடோசெலிஸ். உலகத்துக் குளங்களுக்கெல்லாம் அது வாக்குமூலம் கொடுக்கிறது. 21-லிருந்து 24 டிகிரியில், சுத்தமான ஊட்டத் தண்ணீரில், தனி ஆளாக, மூன்றே நாள். வடவாய்க்கால் குட்டையில் சேறு, வெயில், சாணி, நூறு வகைப் பாசி, அதைத் தின்கிற பூச்சி எல்லாம் உண்டு. போதாததற்கு மருந்தும் ஒன்றாக வராது, நாலைந்து கலந்துதான் வரும்.

அதனால்தான் ஆற்றையே நேராகப் பார்க்கிற முறை எனக்குப் பிடிக்கும். பிரான்சில் பூஜோலே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மோர்சில் என்று ஒரு சிற்றாறு. டையூரானும் தாமிரமும் வழிந்து வரும். கல் மேல் படிகிற வழுவழுப்பை மேலாற்றிலும் கீழாற்றிலும் சுரண்டி எடுத்து இரண்டுக்கும் டையூரான் கொடுத்துப் பார்த்தார்கள். கீழாற்றுப் பாசி அசரவில்லை. தாங்க முடியாத இனங்கள் முன்பே போய்விட்டன, தாங்குகிறவை மட்டும் மிச்சம். பார்த்தால் கல் அதேபோலப் பச்சையாகத்தான் இருக்கும். 2008-ல் டையூரான் தடை வந்தபின் அந்தத் தாங்குதிறன் மெல்ல மெல்ல இறங்கியது.

---

வடவாய்க்கால் | நவம்பர் 2, இரவு 8:30

படிச்சுக்கிட்டே இருந்தேன், பதில் போட நேரமில்லை. தாளடி நடவு. நானும் பூட்டாக்குளோர்தான் போட்டேன், ஒளிக்கல. ஆள் வச்சுக் களை எடுக்குற கூலிக்கு நெல்லு விக்கிற காசு பத்தாது.

காத்தாடி அண்ணன் "சாட்சி இல்லை"ன்னு சொன்னது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ஊர்க் குளத்துல பச்சைத் தண்ணி மொண்டு ஒரு லிட்டர் பாட்டில் ஆறுல ஊத்தினேன். ரெண்டு சும்மா. ரெண்டுல என் வயல் தண்ணி, மருந்து போட்ட மறுநாள் எடுத்தது, நூறு மில்லி வீதம். ரெண்டுல ஒட்டும் திரவம் ரெண்டு சொட்டு வீதம். மூடி போடலை, துணி கட்டியிருக்கேன். வேப்பமரத்தடியில வச்சிருக்கேன். இது சரியா?

---

நுண்ணோக்கி | நவம்பர் 2, இரவு 8:41

இரண்டிரண்டாக வைத்ததற்கே ஒரு சபாஷ். ஒட்டும் திரவம் இரண்டு சொட்டு ரொம்ப அதிகம், எந்தக் குளமும் அவ்வளவு பார்க்காது. இருக்கட்டும். தினம் ஒரே நேரத்தில், பின்னால் வெள்ளைத் தாள் பிடித்துப் படம் எடுங்கள்.

---

செம்பருத்தி | நவம்பர் 2, இரவு 9:00

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டையும் ஒரு பாட்டில்ல போடுங்க. எங்க பக்கம் பாதிப்பேர் ஒட்டும் திரவத்துக்குப் பதிலா அதைத்தான் டேங்க்ல பிழியுறாங்க.

---

வடவாய்க்கால் | நவம்பர் 7, காலை 6:50

ஷாம்பு போடலை, பாட்டில் இல்லை.

சும்மா வச்ச ரெண்டும் நல்ல பச்சை. ஒட்டும் திரவம் போட்டதுல மறுநாளே எல்லாம் அடியில படிஞ்சுடுச்சு, மேல தெளிவு. குலுக்கினா பச்சை எழும்புது, திரும்ப உட்கார்ந்துடுது. வயல் தண்ணி ஊத்தினது முதல் நாள் ஒண்ணும் தெரியலை. ரெண்டாம் நாள் லேசா வெளிறிச்சு. மூணாம் நாள் காலையில வெள்ளைத் தாளுக்கு முன்னாடி வச்சா எலுமிச்சைத் தண்ணி மாதிரி. ரெண்டு பாட்டிலும் அப்படித்தான்.

மாமாவைக் கூட்டிவந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "மூணு நாளா?"ன்னு மட்டும் கேட்டார்.

---

காத்தாடி | நவம்பர் 7, காலை 7:30

சரி. இது சாட்சிதான். பத்துல ஒரு பங்கு வயல் தண்ணி உங்க குட்டைக்கு வந்திருக்காது, அது வேற விஷயம். அளவைக் குறைச்சு இன்னொரு தடவை செய்யுங்க. லிட்டருக்குப் பத்து மில்லி, ரெண்டு மில்லி.

---

நுண்ணோக்கி | நவம்பர் 7, காலை 7:44

காத்தாடி சொன்ன மாதிரியே செய்யுங்கள், எனக்குப் பெருமையாக இருக்கிறது. பழைய பாட்டில்களைக் கொட்டவேண்டாம், அப்படியே விட்டு வையுங்கள்.

---

வடவாய்க்கால் | நவம்பர் 19, மாலை 5:22

பத்து மில்லி: மெதுவா, ஆனா வெளிறிச்சு. ரெண்டு மில்லி: எனக்கு வித்தியாசம் தெரியலை.

பழைய வயல் தண்ணி பாட்டில்ல பச்சை திரும்ப வந்துடுச்சு. ஆனா இது பழைய பச்சை இல்லை. தண்ணியில கலந்து நிக்கல, பாட்டில் சுவத்துல கரும்பச்சையா, கொஞ்சம் நீலம் அடிச்ச மாதிரி, சளி சளியா ஒட்டியிருக்கு. விரல்ல எடுத்தா மண் வாசம். இதைக் கட்லா தின்னுமா?

---

நுண்ணோக்கி | நவம்பர் 19, இரவு 9:10

அவ்வளவாக விரும்பாது. நீலப்பச்சை வகையாக இருக்கலாம், பூட்டாக்குளோரை அவை மற்றப் பாசியை விட அதிகம் தாங்கும். ஒரு துளி எனக்கு அனுப்ப முடியுமா? இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரியில் தாவரவியல் துறையில் நுண்ணோக்கி இருக்கும், கேட்டுப் பாருங்கள்.

---

வடவாய்க்கால் | நவம்பர் 19, இரவு 9:34

கேட்கிறேன். மாமாவும் நானும் சேர்ந்து வரப்பை ஒரு அடி உசத்திட்டோம், வடிகாலை அந்தப் பக்கமாத் திருப்பிவிட்டாச்சு. அந்தப் பக்கம் ரெண்டு வயல் தள்ளி இன்னொருத்தர் குட்டை இருக்கு. அவர்கிட்ட நாளைக்குப் போய்ப் பேசணும்.